வெள்ளையடிக்காத சுவர்

புன்னைச்சாவடியில், கலியமூர்த்தியின் வீட்டுச் சுவரில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே 'டி.டி.டி. 17-9-64' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியவன், கொசு மருந்தடிக்கும் குழுவின் மேஸ்திரியான பொன்னுரங்கம். மருந்தடித்து முடித்த ஒவ்வொரு வீட்டின் உட்சுவரிலும் அன்றைய தேதியை எழுதுவது அவன் கடமை. மருந்து படிந்த சுவரில் வந்தமரும் கொசு ஆறு மாத காலம் வரையில் பிழைக்கலாகாது. இப்பொழுது மாசி மாதம். ஐந்து மாதமே கழிந்திருந்தது. ஆயினும் அக்கொசு நிதானமாக உட்கார்ந்திருந்தது. கலியமூர்த்தி விரலை அருகே கொண்டுபோனதும் எழுந்து பறந்து, இரண்டு முழம் தள்ளி, அதே சுவரில் மறுபடியும் அமர்ந்தது.

"பாத்தீங்களா சார்? மருந்துமேலயே குந்திகிட்டு இருக்குது. செத்தது கொசு இல்ல, எம் பொஞ்சாதி!" என்றான் கலியமூர்த்தி.

அவன் மனைவி கொளஞ்சி மார்கழியில் குளிர்காய்ச்சலால் இறந்துபோனாள். அதற்குப் பின் அவ்வூரில் இருபத்து மூன்று பேர் படுத்துவிட்டனர்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி ராஜமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொன்னுரங்கம், இதுக்கு என்ன சொல்றே?"

"மருந்து அடிச்சேன் சார். என் கையால கலந்து அடிச்சது."

வாசலில் கூடியிருந்தவர்களிடையே ஒரு குரல் எழுந்தது. "மருந்து பண்ருட்டி முந்திரிக் கொல்லைக்குப் போயிருக்கும். நமக்குச் சுண்ணாம்புத் தண்ணி!"

"சுண்ணாம்புன்னாலும் வெத்திலைக்காவது ஆவும்யா" என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழுந்தது. கலியமூர்த்தி சிரிக்கவில்லை.

ராஜமாணிக்கம் கெட்டவர் அல்லர். விதியை விட்டு ஓர் அங்குலமும் விலகாதவர். மருந்தை விற்றவன் என்று ஊரார் எழுத்து மூலம் கொடுத்த புகார் அவர் பையில் இருந்தது. "திங்கட்கிழமை காலையிலே நான் ரிப்போர்ட் எழுதியாகணும். அதுக்குள்ள நீ மருந்தடிச்சதுக்கு ஒரு அத்தாட்சி காட்டு. இல்லாட்டி போலீசுக்கு அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை" என்றார்.

அன்று புதன்கிழமை.

அவருடன் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் நடனசபாபதியும் வந்திருந்தார். கொசுக்களைப் பற்றி இருபது ஆண்டுகளாக ஆராய்பவர். இதுவரையில் வாய் திறவாது சுவரையே பார்த்துக்கொண்டு நின்ற அவர், இப்பொழுது திரும்பினார்.

"சுவர்ல மருந்து இருக்கா இல்லையான்னு சுவரையே கேட்கலாம் சார். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைச் சுவரோட கவிழ்த்து உள்ளே கொசுக்களை விடறது. அரை மணி நேரம் மருந்துமேல உட்கார வச்சு, அப்புறம் எடுத்துக் கூண்டில வைக்கிறது. மறுநாள் செத்துப்போயிருந்தா மருந்து இருக்குன்னு அர்த்தம்."

"இந்தக் கொசு சாகலியே. கண்ணெதிர்ல உக்காந்திருக்கே" என்றார் ராஜமாணிக்கம்.

"இந்த ஊர்க் கொசுவை வச்சுக் கேட்க முடியாது. மருந்து இல்லாததால சாகலியா, மருந்து இருந்தும் சாகலியான்னு தெரியாதே. மருந்தையே பார்க்காத ஊர்க் கொசு வேணும். அதுவும் இதே இனமா இருக்கணும். டவுன் சாக்கடையிலே இருக்கறது வேற இனம்."

"மருந்தடிக்காத கிராமமா? இந்தப் பகுதியிலே ஒண்ணு கிடையாது. ஆறு வருஷமா, வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒரு வீடு விடாம அடிச்சிருக்கு. ரிஜிஸ்டர் இருக்கு" என்று பெருமையோடு கூறினார் ராஜமாணிக்கம்.

பொன்னுரங்கம் தன் குழுவைச் சேர்ந்த தங்கராசுவைப் பார்த்தான். தங்கராசு தரையைப் பார்த்தான்.

தங்கராசு, பொன்னுரங்கத்தின் மனைவி புஷ்பவள்ளியின் தம்பி. அன்று மாலை செம்மண்டலத்தில், பொன்னுரங்கத்தின் வீட்டுக் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, அவன் தாழ்ந்த குரலில் பேசினான்.

"மாமா, அந்த வாத்தியாரு கேட்டதும் உங்க மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன். வாயைத் தொறந்துடாதீங்க."

"தொறக்காட்டி திருடன்னு ஆயிடுவேன்டா மச்சான்."

"தொறந்தா மட்டும்? 'முனைத்திட்டுல அடிச்சதாப் பொய் எழுதினியே, அந்த மருந்து எங்கடா போச்சு'ன்னு கேப்பாங்க. அப்ப திருட்டுக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

அவன் சொன்னதில் தவறில்லை. முனைத்திட்டு என்பது உப்பங்கழிக்கு அப்பால், கடலோரமாக இருபத்தேழு வீடுகள் கொண்ட மீனவர் ஊர். புன்னைச்சாவடிக்கும் அதற்கும் இடையே இரண்டு மைல் அகலத்துக்குக் கழியும் உவர்நிலமுமே கிடந்தன. முதல் ஆண்டில் மருந்தடிக்கச் சென்றபொழுது, வெண்பொடி கருவாட்டின்மேல் படிந்து, கடலூர் வியாபாரிகள் கூடை கூடையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை குழு படகிலிருந்து இறங்கியபொழுது, இருபத்தேழு வாசல்களிலும் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீட்டுக்குள் அயலார் நுழையலாகாது; வாடை வீசும் பொருள் எதுவும் அருகே போகலாகாது.

அந்த வேப்பிலை பொய்யென்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும். ஆயினும் அவனால் அந்த வாசல்களைத் தாண்ட இயலவில்லை. அவனுடைய மூத்த மகள், நான்கு வயதில், அம்மை கண்டு இறந்தவள். அந்நாட்களில் அவன் வேப்பிலையை மதியாது, வேலையிலிருந்து வந்த உடுப்போடு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினான். அதனால்தான் இறந்தாள் என்று ஒருவரும் அவனிடம் சொன்னதில்லை. அவனே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

'அம்மை' என்று ரிஜிஸ்டரில் எழுதினால், மறுநாளே அம்மை குத்துகிறவர்களும் போலீசும் திட்டுக்குப் படகேறுவர். ஆகவே 'அடிக்கப்பட்டது' என்று எழுதினான். ஒரு முறை எழுதிய பொய்யைப் பதினோரு முறை எழுத நேர்ந்தது. மிஞ்சிய மருந்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கழியில் கொட்டினால் இறால் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அதைப் புன்னைச்சாவடிக்குக் கொண்டுவந்து, ஏற்கனவே அடித்த சுவர்களின்மீது இரண்டாம் கையாக அடித்தான். ஒரு துளியும் விற்கவில்லை.

புஷ்பவள்ளி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "தம்பி சொல்றது உங்க வேலையைக் காப்பாத்தற பேச்சு. ஜெயிலுக்குப் போயிட்டா எந்த வேலை இருக்கப்போவுது? நீங்க அந்த வாத்தியாரைப் பாருங்க."

"அக்கா, என் வேலையும் போவும்!"

"போவாது. கையெழுத்து என்னுது மட்டுந்தான்" என்றான் பொன்னுரங்கம்.

மறுநாள் காலையில் அவன் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினான். நடனசபாபதியின் அறையில் ஈதர் வாடை வீசிற்று. சுவரெங்கும் ஊசி குத்திய பூச்சிகள். பொன்னுரங்கம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கூறினான். இரண்டாம் கை அடித்ததைக் கூறியபொழுது, நடனசபாபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை வருஷம் அப்படி அடிச்சீங்க?"

"முதல் தடவை போக, மிச்சம் பதினோரு தடவையும் சார். பாவம், திட்டுக்காரங்களுக்குத்தான் இல்ல, இவங்களாவது நல்லா இருக்கட்டும்னு..."

நடனசபாபதி எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. கொசு மருந்துக்குப் பழகிடுச்சுன்னு ஜனங்க சொல்வாங்க. அது சரியில்லை. ஒரு கொசுவும் எதுக்கும் பழகறதில்லை. ஆயிரம் கொசுவிலே ஒண்ணு ரெண்டு, பொறப்பிலேயே இந்த மருந்து கொல்ல முடியாத வாகோட இருக்கும். மருந்தடிக்காத ஊர்ல அதுக்கு அதனால ஒரு லாபமும் கிடையாது. கூட்டத்தோட கூட்டமா இருந்துட்டுப் போகும். நீங்க மருந்தடிச்சா மத்ததெல்லாம் செத்துப்போகுது. அந்த ஒண்ணு ரெண்டுதான் முட்டையிடுது. அடுத்த தலைமுறையிலே அது நூத்துக்கு அஞ்சு, அப்புறம் இருபது, அப்புறம் எண்பது."

"ஆறு வருஷத்துலியா சார்?"

"கொசுவுக்கு ஒரு தலைமுறைங்கறது ரெண்டு மூணு வாரம். ஆறு வருஷத்திலே நூறு தலைமுறை போயிடுச்சு. மனுஷனுக்கு அது மூவாயிரம் வருஷம்."

"அப்போ சாவடிக் கொசு வேற இனமா ஆயிடுச்சுங்களா?"

"இன்னும் ஆகலை. திட்டுக் கொசுவையும் சாவடிக் கொசுவையும் ஒரே கூண்டிலே விட்டா கூடும், பெருகும். ஒரே இனந்தான். ஆனா நடுவிலே கழி இருக்கு. அதைத் தாண்டி அது பறக்காது. இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரின்னு ரொம்ப காலம் பிரிஞ்சே கிடந்தா, எத்தனையோ மாறிப்போகும். ஒருநாள் சேர்த்து விட்டாலும் கூடாது. அன்னைக்கு அதுக்கு ரெண்டு பேர் வைக்கணும். உலகத்திலே இனம் பிரியறது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்குது."

பொன்னுரங்கம் நெடுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு கை அடிச்சிருந்தா இவ்வளவு சீக்கிரம் ஆயிருக்காதுங்களா?"

"எந்த ஊர்லயும் ஒருநாள் ஆகும். ஆனா இங்கே சீக்கிரம் ஆனதுக்கு ரெண்டாவது கை காரணமா இருக்கலாம். இல்லேன்னு என்னால சொல்ல முடியலை." பிறகு, "ஒண்ணு சொல்லிடறேன். கொசுவை எங்கே பிடிச்சேன்னு நான் எழுதியாகணும். ஊர் பேரை மறைச்சா அந்தப் பரீட்சைக்கு மதிப்பே கிடையாது. ஒத்துக்கறீங்களா?" என்றார்.

"ஒத்துக்கிறேன் சார்" என்றான் அவன்.

சனிக்கிழமை விடியற்காலையில் இருவரும் முனைத்திட்டுக்குப் படகில் சென்றார்கள். கொசுக்கள் இரவில் குடித்த இரத்தத்தோடு சுவரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேளை அது. ஆனால் திட்டுக்காரர்கள் காக்கிச் சட்டையைத் தொலைவிலேயே கண்டுவிட்டார்கள். படகு கரை தட்டுவதற்குள், இருபத்தேழு வாசல்களிலும் பச்சை வேப்பிலை ஆடிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் பெரியவளான மங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னே வந்தாள். "வா மேஸ்திரி. இந்தத் தடவையும் ஆத்தா வந்துட்டா."

"இருபத்தேழு வீட்டுக்கும் ஒரே நாள்லயா வந்தா?" என்று கேட்டார் நடனசபாபதி.

"எங்க ஆத்தா ஓரவஞ்சனை பண்ண மாட்டா சாமி."

பொன்னுரங்கத்தின் கையில் பம்பு இல்லை என்பதை அவள் அப்பொழுதுதான் கவனித்தாள். அவள் முகத்திலிருந்த விளையாட்டு மறைந்தது. "என்னா ஆச்சு உனக்கு? எளைச்சுப் போயிட்டே?"

அவன் கூறினான். சாவடியில் காய்ச்சல், கொளஞ்சியின் சாவு, திருட்டுப் பழி, திங்கட்கிழமை, கொசு. மங்கம்மா கேட்டு முடித்ததும், மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க கொசுவைப் புடிச்சிட்டுப் போயி, 'இது மருந்தே பாக்காத கொசு'ன்னு அங்க சொல்லுவே. அடுத்த நாளே போலீசோட வருவாங்க. எங்க கருவாடு மறுபடியும் நாறிப்போவும். அதானே?"

"அதான்" என்றான் பொன்னுரங்கம்.

"மறைக்காம சொல்றானே, பாத்தியா குப்பு!" என்றாள் அவள், பக்கத்தில் நின்றவளிடம்.

நடனசபாபதி இடையில் பேசினார். "கருவாடு இல்லாத மாசத்திலே வரச்சொல்லி எழுதறேன் அம்மா. அதுவும் இந்த மருந்து வேண்டாம்னு எழுதறேன். இதையே இங்கேயும் அடிச்சா இந்தக் கொசுவும் அந்தக் கொசு மாதிரி ஆயிடும். கேட்பாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

மங்கம்மா கடலைப் பார்த்தாள். சாவடி வீடுகளுக்கு அவள்தான் நாள்தோறும் மீன் கொண்டுபோகிறவள். ஒரு மாதமாகப் பாதிக் கதவுகள் திறப்பதில்லை. கொளஞ்சி எப்பொழுதும் அவளிடம் சங்கரா மீனாகப் பொறுக்குவாள், பேரம் பேசமாட்டாள்.

"வேப்பிலையைத் தாண்டி உள்ள வந்து புடிச்சிக்க" என்றாள்.

பொன்னுரங்கம் அசையவில்லை. வாசலுக்கும் அவனுக்கும் இடையே மூன்றடியே இருந்தது. வேப்பிலை பொய் என்று அவனுக்குத் தெரியும். அவள் வாயாலேயே உள்ளே வரச் சொல்லியும் ஆயிற்று. அவன் கால் எழவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் அரை மணி நேரம் போனால் கொசுக்கள் சுவரை விட்டு மூலைகளுக்குள் ஒதுங்கிவிடும்.

மங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆறு வருஷமா இங்கயே நின்னு திரும்பிப் போனவன்தானே நீ. குடு அந்தக் குழாயை."

கொசுவைப் பிடிக்கும் குழல், ஒரு முனையில் கண்ணாடியும் மறுமுனையில் ரப்பருமாக இருந்தது. ரப்பரை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினால் கொசு கண்ணாடிக்குள் வந்துவிடும். வாய்க்குள் போகாமல் நடுவில் வலைத்துணி கட்டியிருந்தது. பெண்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள்.

"ஏ குப்பு, மெதுவா உறிஞ்சுடி! மீன் குழம்புன்னு நெனச்சியா?"

"உள்ள போயிடுச்சோன்னு பயமா இருக்குது."

"போனா போவட்டும். உன் ரத்தந்தானே, உனக்கே திரும்பி வருது."

ஒரு மணி நேரத்தில் எண்பத்திரண்டு கொசுக்கள் சேர்ந்தன. நடனசபாபதி ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, சாவடியில் உள்ள அதே இனம் என்று உறுதி செய்துகொண்டார். கூண்டுகளின்மேல் ஈரத்துணியைப் போர்த்தினார்கள். படகில் வரும்பொழுது வெயில் கடுமையாயிற்று. துணி உலர உலரப் பொன்னுரங்கம் குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீரையெல்லாம் அதன்மேல் தெளித்தான். சூட்டினால் அவை செத்தால் பரீட்சையே இல்லை. கரை சேர்ந்தபொழுது பதினேழு இறந்து கிடந்தன.

புன்னைச்சாவடியில் ஊரே காத்திருந்தது. ஊர்த்தலைவர் தில்லைநாதன் தம் வீட்டில் பாய் விரித்து, ராஜமாணிக்கத்துக்கு நாற்காலியும் போட்டிருந்தார். ஊரிலேயே பெரிய வீடு, தூய்மையான கூடம். நடனசபாபதி கூடத்துச் சுவரில் கிண்ணங்களைப் பொருத்தி, திட்டுக் கொசுக்கள் இருபதை உள்ளே விட்டார். இன்னும் இருபதைப் புதுப் பலகை ஒன்றின்மேல் கவிழ்த்த கிண்ணத்தில் விட்டார். மருந்தில்லாத பலகையில் அவை பிழைத்திருந்தால்தான், சுவரில் சாவது மருந்தினால் என்று சொல்ல இயலும்.

அரை மணி ஆயிற்று. பலகைக் கொசுக்கள் உயிரோடு இருந்தன. சுவர்க் கொசுக்களைக் கூண்டுக்கு மாற்றினார்கள். அவையும் உயிரோடு இருந்தன. ஒரு மணி ஆயிற்று. ஒன்று கூட மல்லாக்க விழவில்லை. ஒன்று பறந்து கூண்டின் மறுபக்கம் போய் அமர்ந்தது.

"நல்லா இருக்குதுங்க! நம்ம ஊர் காத்து ஒத்துக்கிச்சு!" என்று ஒருவன் கூவினான்.

"மேஸ்திரி, கொசுவுக்கு மோர் குடுத்துக் கூட்டியாந்தியா?"

ராஜமாணிக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நடனசபாபதியைப் பார்த்தார். நடனசபாபதி கூண்டின்மேல் குனிந்தார். "சாதாரணமா இதுக்குள்ள விழ ஆரம்பிச்சிருக்கணும்" என்றார் தாழ்ந்த குரலில்.

"அப்படின்னா சுவர்ல மருந்து இல்லை."

"இல்லைன்னுதான் தெரியுது."

தங்கராசு பொன்னுரங்கத்தின் தோளைப் பற்றினான். இதே கூடத்தில், இதே சுவரில், அவன் இரண்டு கை அடித்திருக்கிறான். தில்லைநாதனின் மருமகள் தூளி கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தது கூட நினைவிருக்கிறது. அடித்து முடித்துக் கதவின் வலப்பக்கத்தில் தேதியை எழுதினான். அவன் தன்னையறியாமல் கதவின் வலப்பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சுவர் பளிச்சென்று இருந்தது.

"ஐயா, எப்போ வெள்ளையடிச்சீங்க?" என்று கேட்டான்.

தில்லைநாதனுக்கு அக்கேள்வி விளங்கவில்லை. "எப்போன்னா? பொங்கலுக்குத்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு உண்டா?"

"அதான் சார்!" பொன்னுரங்கம் ராஜமாணிக்கத்தின் முன்னே வந்தான். "மருந்து சுண்ணாம்புக்கு அடியில கெடக்குது சார். அதுமேல கொசு உக்காரவே இல்ல. என் எழுத்து இருக்கிற சுவர்ல வையுங்க. எழுத்து அழியாத சுவர்ல."

"பொங்கலுக்கு எல்லா வீட்லயும்தான் அடிச்சிருப்பாங்க" என்றார் ராஜமாணிக்கம்.

அவ்வாண்டு பொங்கல் கொண்டாடாத வீடு ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஆண்டு திரும்பும்வரையில் பண்டிகை இல்லை, வெள்ளையடிப்பதும் இல்லை. புதன்கிழமையன்று அவர்கள் எல்லாரும் நின்று பார்த்த தேதி, அந்த வீட்டுச் சுவரில்தான் இருந்தது.

எல்லாக் கண்களும் கலியமூர்த்தியிடம் திரும்பின.

"எங்க ஊட்லயா?" என்றான் அவன். "இவனைக் காப்பாத்த எம் பொஞ்சாதி செத்த ஊட்டுச் சுவரு வேணுமா?"

"காப்பாத்த வேணாம். மருந்து இல்லாட்டி அந்தச் சுவரே என்னைப் புடிச்சிக் குடுக்கும். உனக்கும் அதானே வேணும்?" என்றான் பொன்னுரங்கம்.

கலியமூர்த்தி அவனை நெடுநேரம் உற்று நோக்கினான். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான்.

மிஞ்சியிருந்த திட்டுக் கொசுக்கள் இருபத்தைந்து. இதுவும் தவறினால் வேறு வழியில்லை. நடனசபாபதி தேதிக்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்து, இருபத்தைந்தையும் விட்டார். அதனருகே இன்னொரு கிண்ணம். அதனுள் அதே வீட்டின் மூலைகளில் அப்பொழுதே பிடித்த சாவடிக் கொசுக்கள் இருபத்தைந்து. கிண்ணங்களைத் தானே பிடித்துக்கொள்வதாகக் கூறிக் கலியமூர்த்தி இரு கைகளாலும் அவற்றைச் சுவரோடு அழுத்தி நின்றான். வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அரை மணி நேரம் அவன் கைகளை எடுக்கவில்லை. பிறகு கொசுக்கள் கூண்டுகளுக்கு மாறின. சற்றைக்கெல்லாம் திட்டுக் கொசு ஒன்று கால்களை இழுத்துக்கொண்டு தடுமாறிற்று. கூண்டின் அடியில் விழுந்து, மல்லாந்து, காலை உதைத்துக்கொண்டது. அடுத்தது விழுந்தது. பின்னர் மூன்றும் நான்குமாக விழுந்தன.

பக்கத்துக் கூண்டில், சாவடிக் கொசுக்கள் உட்கார்ந்திருந்தன.

"நாளைக்கு மத்தியானம் எண்ணணும். அதுவரைக்கும் பலகைக் கூண்டையும் சேர்த்து மூணையும் யார் காவல் காக்கறது?" என்றார் நடனசபாபதி.

"நான் பாத்துக்கிறேன். ஒரு பய கிட்ட வரக்கூடாது" என்றான் கலியமூர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ராஜமாணிக்கம் தாமே எண்ணினார். சுவரில் வைத்த திட்டுக் கொசுக்கள் இருபத்தைந்தில் இருபத்தைந்தும் இறந்திருந்தன. பலகையில் வைத்த இருபதில் ஒன்று மட்டுமே இறந்திருந்தது. சாவடிக் கொசுக்கள் இருபத்தைந்தில் நான்கு இறந்திருந்தன, இருபத்தொன்று பிழைத்திருந்தன.

"மருந்து இருக்கு. திருட்டு இல்லை. அப்படியே எழுதிடறேன்" என்றார் அவர். தங்கராசு பெருமூச்சு விட்டான். ராஜமாணிக்கம் பேனாவை மூடவில்லை. "இந்தச் செத்த கொசு எங்கே பிடிச்சதுன்னும் எழுதணும். எந்த ஊர்?"

நடனசபாபதி வாய் திறப்பதற்குள் பொன்னுரங்கம் கூறிவிட்டான்.

"முனைத்திட்டு சார். முதல் தடவைக்கு அப்புறம் அங்க மருந்தே அடிக்கல. அடிச்சதா எழுதினது நான். அந்த மருந்தையும் இங்கதான் அடிச்சேன், ரெண்டாவது கையா. மத்தவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

ராஜமாணிக்கம் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது, பேனா நிற்கவில்லை. "பதினோரு பொய்க் கையெழுத்து. ஜெயில் இல்லை. ஆனா இனிமே உனக்கு இந்த வேலை இல்லை, பொன்னுரங்கம்" என்றார்.

"சரிங்க சார்."

கலியமூர்த்தி கூண்டுக்குள் பறந்துகொண்டிருந்த இருபத்தொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு கை அடிச்சதால இதெல்லாம் சீக்கிரமா இப்படி ஆயிடுச்சா வாத்தியாரே?" என்று கேட்டான். நடனசபாபதி பதில் சொல்லத் தயங்கினார். அத்தயக்கமே கலியமூர்த்திக்குப் போதுமானதாக இருந்தது.

"கொளஞ்சி சொன்னா" என்றான் அவன், பொன்னுரங்கத்தைப் பாராமல். "'மேஸ்திரி நம்ம ஊருக்கு ஜாஸ்தியா அடிக்கிறாரு, நல்ல மனுசன்'னு. மோர் கரைச்சிக் கொண்டாந்து குடுத்தாளே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"திருடன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அதுக்கு மேல என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

பொன்னுரங்கம் சுவரைப் பார்த்தான். கிண்ணங்கள் பதிந்த இரண்டு வட்டங்கள் சுவரில் தெரிந்தன. அவற்றின் மேலே அவன் கையெழுத்து. வெளியில் தங்கராசு, "வாங்க மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அழைத்தான். பொன்னுரங்கம் மேல்துண்டின் நுனியை நனைத்துக்கொண்டு சுவரருகே போனான்.

"அந்தத் தேதியை மட்டும் அழிச்சிட்டுப் போறேன்."

"வேணாம். வருஷம் திரும்பறவரைக்கும் இந்தச் சுவத்தை யாரும் தொடக்கூடாது" என்றான் கலியமூர்த்தி.